போர்ட்டா விஸ்டாவுக்கு வந்த சொறிமீன்

மூன்றாவது பேட்ஜ் கிடைத்துவிட்டது, நான்காவது கிடைக்க இன்னும் நாள் இருக்கிறது. போகிமான் என்ற ஜப்பானியக் கார்ட்டூனின் முதல் தொடரில் அந்த இடைவெளியில் வருகிற பத்தொன்பதாவது எபிசோடைப் பற்றி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ‘டென்டகூல் அண்ட் டென்டக்ரூயல்’ என்று பெயர். ஜப்பானில் 1997 ஆகஸ்டில் ஒளிபரப்பானது. ஆஷ் என்கிற சிறுவன் போகிமான்கள் என்ற விசித்திரப் பிராணிகளைச் சண்டைக்கு இறக்கி, ஊர் ஊராகப் போய் எட்டு பேட்ஜ்களை வென்று பெரிய போட்டிக்குத் தகுதி பெறவேண்டும், அதுதான் தொடரின் கதை. இந்த எபிசோடில் அவன் எந்த பேட்ஜுக்காகவும் மோதவில்லை. கடைசியில் அவனோடு வரும் தோழி மிஸ்டியிடம் ஹார்சி என்ற போகிமான் வந்து சேர்வதைத் தவிரப் பெருங்கதையில் ஒன்றும் மாறவில்லை. ரசிகர்கள் இந்த வகையை ஃபில்லர் என்பார்கள். எதையெல்லாம் தாண்டிவிட்டுப் பார்க்கலாம் என்று அவர்கள் போடும் பட்டியலில் இப்படிப்பட்டவைதான் முதலில் இடம்பிடிக்கும். எனக்கோ அந்தத் தொடரில் இன்றுவரை உயிரோடு இருப்பது இந்த ஒன்றுதான்.

கதை சின்னது. ஆஷும் மிஸ்டியும் கூடவே வரும் நண்பன் பிராக்கும் போர்ட்டா விஸ்டா என்ற துறைமுக ஊருக்கு வருகிறார்கள். அங்கே நாஸ்டினா என்று ஒரு கிழவி. ஆள் குள்ளம், பணத்துக்குக் கணக்கில்லை. கடலுக்குள் பவளப்பாறையின் மேல் ஓட்டல் கட்டுகிறாள். அந்தப் பாறைதான் டென்டகூல்கள் குடியிருக்கும் இடம். டென்டகூல் நம் சொறிமீன் ஜாதி; நீல உடம்பு, நெற்றியில் சிவப்புக் கல். அவை வேலையாட்களைத் தாக்க, கட்டடம் நின்றுபோகிறது. எல்லாவற்றையும் ஒழித்துக் கொடுப்பவருக்குப் பெரும்பணம் தருவதாக நாஸ்டினா சொல்கிறாள். மிஸ்டி முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள். டீம் ராக்கெட் என்ற வழக்கமான திருட்டுக் கூட்டம் அந்த வேலையை எடுத்துக்கொண்டு மயக்குமருந்தோடு கடலுக்குப் போகிறது. மருந்து ஒரு டென்டகூலின் மேல் கொட்டிவிடுகிறது. அது சாகவில்லை, வளர்கிறது. கட்டடங்களுக்கு மேலே தலை தெரியும் டென்டக்ரூயலாக ஆகிறது.

பிறகு கடல் ஊருக்குள் வருகிறது. பெரிய அலை, அலையோடு நூற்றுக்கணக்கில் சின்ன டென்டகூல்கள், நடுவே அந்த மலைபோன்ற உடம்பு. தெருக்கள் முங்குகின்றன, கோபுரங்கள் சரிகின்றன.

இதை நான் முதலில் பார்த்தது தூத்துக்குடியில், 2003 கோடை விடுமுறையில். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு கட்டு விசிடி வாங்கி வந்திருந்தார். உறையில் மஞ்சள் நிறத்தில் ஆஷின் போகிமான் பிகாச்சு சிரித்துக்கொண்டிருக்கும். ஆங்கிலம் பாதிதான் புரியும். தம்பிக்குச் சண்டை வந்தால் போதும். எனக்கு மிஸ்டி வேண்டும். என் வயதை ஒட்டிய ஒரு பெண், ஓயாமல் கோபப்படுகிறவள், நீரில் வாழ்கிற எதைக் கண்டாலும் உருகிவிடுகிறவள். ஊரே அருவருக்கும் சொறிமீனை அழகு என்று சொல்லத் துணிந்தவள். எங்கள் ஊரில் சொறிமீனை அழகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வலையில் வந்தால் மரக்கட்டையால் தள்ளிவிடுவார்கள். கையில் பட்டால் அரிப்பும் தடிப்பும். அதனால் மிஸ்டி பேசும்போதெல்லாம் வீட்டுக்குள் வேறு ஊரிலிருந்து ஒரு அக்கா வந்து உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

அந்த எபிசோடை ஒருநாள் மத்தியானம் போட்டிருந்தபோது தாத்தா உள்ளே வந்தார். அம்மாவின் அப்பா. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தார், வலை பின்னிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. கார்ட்டூன் என்றால் அவருக்கு எரிச்சல். டிவியை மறைத்துக்கொண்டு போகிறவர். அன்றைக்கு நின்றார். திரையில் டென்டக்ரூயல் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“ஏளா, அது என்னது, சொறியா?”

“ஆமா தாத்தா. பெருசாயிட்டு.”

“எதுக்கு இப்படி அடிச்சு ஒடைக்கி?”

அது இருக்கும் பாறையின் மேல் ஓட்டல் கட்டுகிறார்கள் என்று சொன்னேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்து வந்த காட்சிதான் எபிசோடின் உச்சம். டென்டக்ரூயலுக்குப் பேச்சு கிடையாது. டீம் ராக்கெட்டிலிருக்கும் மியாவ்த் என்ற பூனை மட்டும் மனிதர் மொழி பேசும். அந்தப் பூனையைத் தன் கொடுக்கால் பிடித்து, அதன் வாய்வழியாக டென்டக்ரூயல் ஊரைப் பார்த்துப் பேசுகிறது. நீங்கள் எங்கள் வீட்டை அழித்தீர்கள், நாங்கள் உங்கள் வீட்டை அழிக்க வந்திருக்கிறோம், இதில் குறை சொல்ல உங்களுக்கு என்ன இருக்கிறது என்கிற பொருளில் பேசுகிறது. பூனையின் கண்ணில் உயிர் இல்லை, வாய் மட்டும் அசைகிறது. எனக்குப் புரிந்த அளவுக்கு அதைத் தாத்தாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“நியாயமாத்தான கேக்கு,” என்றார். “பாரைப் பேத்து எடுத்தா அது எங்களா போவும்?”

தாத்தா இளவயதில் கல் எடுக்கப் போனவர். தூத்துக்குடிக் கடலில் பார் என்று நாங்கள் சொல்வது கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டுகளை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. வள்ளத்தில் போய், முங்கி, கடப்பாரையால் நெம்பி, முருகைக் கல்லை வெட்டி எடுத்துக் கரையில் குவிப்பார்கள். அது சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். வீடு கட்ட, வெள்ளை அடிக்க, ஆலைகளுக்கு என்று கேட்பவர்கள் நிறைய இருந்தார்கள். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் கல் வந்துகொண்டுதான் இருந்தது. 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், சேர்த்தார்கள். அதற்குள் 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. சுற்றியிருந்த பாறையை எடுத்துவிட்டால் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை, மணல் கரைந்துபோகும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பின்னால். அன்றைக்குத் தாத்தா சொன்னது மீன்களைப் பற்றி. எந்தப் பாரில் களவா கிடக்கும், எந்தப் பாரில் விளமீன் கூடும், கிளிமீன் பாறையைக் கடித்துத் தின்பது தண்ணீருக்குள் காதில் எப்படிக் கேட்கும் என்றெல்லாம் சொன்னார். பிறகு எந்தப் பார் இப்போது இல்லை என்று பெயர் சொல்லி எண்ணினார். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அந்த எபிசோடை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். தம்பிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மிஸ்டியின் மன்றாட்டுதான் டென்டக்ரூயலைத் திருப்பி அனுப்புகிறது. அதற்கு முன் ஆஷும் அவளும் தங்களிடமிருக்கும் போகிமான்களை ஒவ்வொன்றாக இறக்கி அடித்துப் பார்க்கிறார்கள், தடுத்துப் பார்க்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. தவறு எங்களுடையது, எங்களுக்குப் புரிந்துவிட்டது, திரும்பிப் போங்கள் என்று அவள் கேட்டதும்தான் அது நிற்கிறது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் நிற்கமாட்டோம் என்று எச்சரித்துவிட்டுக் கடலுக்குள் இறங்குகிறது. நாஸ்டினா மட்டும் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. கடைசிவரை துப்பாக்கியோடு நிற்கிறாள், தூக்கி எறியப்படுகிறாள். அந்தக் கிழவியைத் திருத்திக் காட்டாமல் விட்டது சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். அவள் மனம் திருந்தியிருந்தால் கதை அவளுடையதாகிவிடும். அது சொறிமீன்களின் கதையாகவே முடிய வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. எங்கள் கரைக்கு இலங்கை மறைப்பாக நின்றது. நாகப்பட்டினத்தில் நடந்தது தூத்துக்குடியில் நடக்கவில்லை. ஆனாலும் கடல் உள்வாங்கியதையும் திரும்பி ஏறியதையும் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அதற்குப் பிறகு கல் எடுக்கப் போகிற பேச்சே நின்றுபோனது. தீவும் பாரும் அலைக்குக் குறுக்கே நிற்கின்றன என்பதை அதிகாரிகள் வந்து சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. எங்கள் வீட்டில் அந்த விசிடியை வெகுநாள் யாரும் போடவில்லை. அமெரிக்காவிலும் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கட்டடங்கள் இடிகிற காட்சிகளுக்காக இதே எபிசோடைச் சிறிது காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று பின்னால் அறிந்தேன். குழந்தைகளுக்கான இருபது நிமிடக் கார்ட்டூன்தான். இரண்டு கண்டங்களில் இரண்டு வேறு காரணங்களுக்காக அதைப் பார்க்கமுடியாத நிலை வந்திருக்கிறது. அதில் வரும் அழிவைக் குழந்தைகளுக்கென்று குறைத்துக் காட்டவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கடலிலிருந்து ஊருக்குள் வரும் மிருகத்தை மறுபடி சந்தித்தது சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது; முதல் ‘காட்ஸில்லா’வைப் பார்த்தேன். 1998இல் வந்த அமெரிக்கப் படத்தை முன்பே தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். அது மனதில் ஒட்டவில்லை. இது 1954 நவம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் வெளியான ‘கோஜிரா’. தோஹோ நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைப் படம், இஷிரோ ஹோண்டா இயக்கியது. பெரிய பல்லி ஊரை மிதிக்கும், சிரித்துக்கொண்டே பார்க்கலாம் என்று அறைத்தோழி சொல்லியிருந்தாள். முதல் காட்சியிலேயே சிரிப்பு போய்விட்டது.

நடுக்கடலில் ஒரு கப்பல். வேலை முடிந்து ஆட்கள் மேல்தளத்தில் ஓய்வாகக் கிடக்கிறார்கள்; ஒருவர் கிடார் வாசிக்கிறார். தண்ணீரில் ஒரு வெளிச்சம். எல்லோரும் எழுந்து ஓடுகிறார்கள். கப்பல் எரிகிறது. அடுத்து, கரையில் கப்பல் கம்பெனி அலுவலகத்தில் குடும்பங்கள் முண்டியடித்துச் செய்தி கேட்கின்றன. தேடப்போன கப்பலும் திரும்பவில்லை. இந்தக் காட்சியை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. புயல் சின்னம் என்று வானொலி சொன்ன இரவுகளில் எங்கள் துறைமுகத்து வாசலில் நின்ற பெண்களின் முகம் அதே முகம். நகரத்தை மிதிக்க வருவதற்கு வெகு முன்பே அந்த மிருகம் கடலாடிகளைத்தான் கொல்கிறது. ஓடோ என்ற தீவில் ஒரு கிழவர், மீன்பாடு இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்கிறார். இளசுகள் அவரைக் கிண்டல் செய்கிறார்கள். என் தாத்தாவை எனக்கு அப்போதே பார்க்கவேண்டும் என்றிருந்தது.

அந்த முதல் காட்சி எங்கிருந்து வந்தது என்பது ஜப்பானில் அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதித்தது. 15 மெகாடன், கணக்கிட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சுமார் 160 கிலோமீட்டர் தள்ளிச் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது ‘டைகோ ஃபுகுரியு மாரு’ என்ற ஜப்பானியப் படகு. 23 பேர். மேற்கே சூரியன் உதித்ததாக நினைத்தார்கள். சில மணி நேரத்தில் வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்டத் தொடங்கியது. தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே அதில் நனைந்தார்கள், கையால் அள்ளித் தள்ளினார்கள், ஒருவர் என்னவென்று நாக்கில் வைத்துப் பார்த்தார். தோல் வெந்தது, முடி கொட்டியது. வானொலி இயக்குநர் அய்கிச்சி குபோயாமா அந்த ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி இறந்தார். அடுத்த ஆறாவது வாரத்தில் ‘கோஜிரா’ திரைக்கு வந்தது. படம் பார்க்க வந்தவர்கள் அந்த மரணச் செய்தியைப் படித்தவர்கள்.

அந்த வெள்ளைத் தூள் என்ன என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பவளம். பிகினித் தீவின் பவளப்பாறை குண்டின் வெப்பத்தில் வெந்து, நீறாகி, கதிரியக்கத்தோடு மேலே போய் இறங்கியது. காளவாசலில் முருகைக் கல் வெந்து சுண்ணாம்பாகிறதே, வேதியியலில் அதுவேதான். அங்கே விறகுக்குப் பதில் ஹைட்ரஜன் குண்டு. காட்ஸில்லாவை எழுப்பியது குண்டு என்பது உலகத்துக்கே தெரிந்த கதை. அந்தக் குண்டு வைக்கப்பட்ட இடம் ஒரு பவளப்பாறை என்பதை நான் வாசித்த சினிமாக் கட்டுரைகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்ட்டா விஸ்டாவில் ஓட்டலுக்காக உடைபடுவதும் பவளப்பாறைதான். கார்ட்டூன்காரர்கள் அந்தத் தொடர்பை யோசித்துத்தான் வைத்தார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கடலிலிருந்து எழுந்துவரும் மிருகத்துக்கு வீடு எது என்று கேட்டுக்கொண்டு யோசிக்கிற எவரும் அந்தப் பாறைக்குத்தான் வந்து சேருவார்கள்.

‘கோஜிரா’வின் மிருகத்தை உருவாக்கியவர் ஐஜி ட்சுபுராயா. 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தில் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம்பிடித்ததைப்போல் செய்யத்தான் அவருக்கு ஆசை. அதற்கு நேரமும் பணமும் இல்லாததால் ஆளுக்கு ரப்பர் உடை மாட்டினார்கள். உள்ளே இருந்தவர் ஹருவோ நகாஜிமா. முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ. மிருகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க அவர் உயெனோ விலங்குக்காட்சிச் சாலைக்குப் போய் நின்றிருக்கிறார். அந்த உறுமல் இருக்கிறதே, அது இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே செய்தது. கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்திக் கருவியின் கம்பியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்து எடுத்த ஒலி. வலியில் கத்துவதா கோபத்தில் கத்துவதா என்று பிரித்தறிய முடியாத ஒலி.

ட்சுபுராயா பிறகு சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். 1966இல் ‘அல்ட்ராமேன்’, 1967இல் ‘அல்ட்ராசெவன்’ என்று தொலைக்காட்சிக்கு வாராவாரம் ராட்சத மிருகங்களைக் கொடுத்தார்கள். ‘அல்ட்ராசெவன்’ நாயகன் சின்னக் குப்பிகளுக்குள் மிருகங்களை வைத்திருப்பான். தேவைப்படும்போது வீசுவான், அவை பெரிதாகி வந்து சண்டை போடும். அதைப் பார்த்து வளர்ந்தவர், சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தாஜிரி, இந்தக் கார்ட்டூனுக்கு மூலமான போகிமான் வீடியோ விளையாட்டை 1996இல் வெளியிட்டார். அதற்கு அவர் முதலில் நினைத்திருந்த பெயர் ‘கேப்ஸ்யூல் மான்ஸ்டர்ஸ்’. ஆகவே டென்டக்ரூயல் கட்டடத்தின் மேல் கொடுக்கை ஓங்கும்போது அங்கே நடப்பது வெறும் நக்கல் நகல் இல்லை. பேரப்பிள்ளை தாத்தாவின் உடையை எடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இது ஃபில்லரில் நடந்ததில் எனக்கு வியப்பில்லை. பேட்ஜ் வெல்கிற எபிசோடில் யார் யாரோடு மோதவேண்டும், யார் ஜெயிக்கவேண்டும் என்பது விளையாட்டிலேயே முடிவாகிவிட்டது. அந்தக் கட்டாயம் இல்லாத வாரத்தில், வரைகிறவர்களும் எழுதுகிறவர்களும் தாங்கள் சிறுவயதில் எதைப் பார்த்துப் பயந்தார்களோ அதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். தொடரின் கதைக்கு அது தேவையில்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ராட்சத மிருகப் படங்களின் முழு இலக்கணமும் அந்த இருபது நிமிடத்தில் இருக்கிறது. கடலைச் சீண்டுகிற பேராசை, நம்பப்படாத முன்னெச்சரிக்கை, துறைமுகம், சரிகிற கோபுரம், மிருகத்தைக் கொல்லவேண்டாம் என்று கெஞ்சும் ஒரே ஒரு ஆள், எல்லாம். ‘கோஜிரா’வில் அந்த ஒரே ஆள் தகாஷி ஷிமுரா நடித்த தொல்லுயிரியலாளர் யமனே. அத்தனை கதிர்வீச்சையும் தாங்கி உயிரோடிருக்கும் ஒன்றை ஏன் கொல்கிறீர்கள், ஆராயுங்கள் என்கிறார். யாரும் கேட்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தனியே உட்கார்ந்துகொள்கிறார்.

கார்ட்டூன் தன் முன்னோரைவிட ஓர் அடி முன்னால் போனது இங்கேதான். யமனேயின் பேச்சுக்கு மிருகத்திடமிருந்து பதில் வராது; அதற்கு உறுமல் மட்டுமே. செரிசாவா என்ற இளம் விஞ்ஞானி தான் கண்டுபிடித்த ஆயுதத்தால் அதைக் கடலடியில் கொன்று, அந்த ஆயுதம் வேறு யார் கைக்கும் போகக்கூடாதென்று தானும் அங்கேயே சாகிறான். குற்றம் செய்தவன் யார் என்ற கேள்வி மிருகத்தின் எலும்போடு கரைந்துபோகிறது. 1961இல் வந்த ‘மோத்ரா’வில் இரண்டு சின்னஞ்சிறு பெண்கள் பாடி அந்தப் பெரிய விட்டில்பூச்சியை அழைப்பார்கள், அங்கே நடுவே நிற்க ஆள் உண்டு. 1971இல் வந்த ‘ஹெடோரா’ மனிதரின் கழிவைத் தின்று வளர்ந்தது. அதற்கும் சொல்ல வாய் இல்லை. டென்டக்ரூயலுக்கு மட்டும் ஒரு வாய் கிடைத்தது, இரவலாக. திருட வந்த பூனையின் வாய். அது தன் வழக்கைச் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறது. மிஸ்டி பதில் சொல்கிறாள். மிருகம் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பிப் போகிறது. சாகவில்லை. இதுதான் எனக்கு முக்கியம். பார்க்கிற குழந்தை, மிருகம் செத்ததால் நிம்மதி அடைவதில்லை. கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருக்கிறது என்ற நினைப்போடு எழுந்து போகிறது.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மடிக்கணினியில் ‘கோஜிரா’வைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆங்கில எழுத்துகளைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். டோக்கியோ எரிவதை அவர் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. படகுகள் வரும்போதெல்லாம் கிட்டே குனிந்தார். முடிந்த பிறகு ஃபுகுரியு மாருவின் கதையைச் சொன்னேன். அந்தத் தூள் பவளம் வெந்தது என்றதும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காளவாசல் பக்கம் நின்றால் நீறு கண்ணில் விழுந்து எரியும். வேர்வை பட்ட இடத்தில் பொத்துப்போகும். “வெறும் நீத்துக்கே அப்படின்னா,” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரே கேள்விகள். எத்தனை நாள் கழித்துக் கரை சேர்ந்தார்கள்? இரண்டு வாரம். பிடித்த மீனை என்ன செய்தார்கள்? சந்தைக்குப் போனபின்தான் தெரிந்தது, புதைத்தார்கள். மற்ற 22 பேர்? ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில். படகு?

படகு இருக்கிறது என்றேன். 1947இல் கட்டிய மரப்படகு. பேர் மாற்றிக் கொஞ்ச காலம் மாணவர்களுக்குப் பயிற்சிப் படகாக ஓட்டினார்கள். பிறகு டோக்கியோவில் குப்பை கொட்டி மேடாக்கிய இடத்தில் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் கூடிக் குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1976இலிருந்து அதற்கென்றே ஒரு கூடம் கட்டி உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். படத்தைக் காட்டினேன். அணியத்தையும் பலகை சேர்ந்திருக்கும் விதத்தையும் விரலால் தடவிப் பெரிதாக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். நல்ல வேலை என்றார். மரவேலையைப் பற்றி அவர் அப்படிச் சுலபமாகச் சொல்கிறவர் இல்லை.

“வேற படம் இருக்காளா, கடல்ல இருந்து வார மாதிரி?”

இருந்தது. 1955இல் வந்த அமெரிக்கப் படம், ‘இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ’. ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளால் ஆழ்கடலிலிருந்து விரட்டப்பட்ட ராட்சதப் பேய்க்கணவாய் ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்து கோல்டன் கேட் பாலத்தை இறுக்கிப் பிடித்து முறிக்கும். ரே ஹாரிஹவுசன் பொம்மையை அசைத்து அசைத்துச் செய்த படம். டென்டக்ரூயலின் நேரான மூதாதை என்று நான் நினைப்பது இதைத்தான். இதில் ஒரு சங்கதி உண்டு; அதைக் கடைசியில் சொல்லித் தாத்தாவை வியக்கவைக்கலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். பாலம் வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. கைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து எழுந்து தூணைச் சுற்றத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டச் சொன்னார். உதடு அசைய எண்ணினார்.

“ஏளா, இதுக்கு ஆறுதான் இருக்கு. பேய்க்கணவாய்க்கு எட்டுல்லா இருக்கணும்?”

செலவைக் குறைக்க ஆறு கைகளோடுதான் அந்தப் பொம்மையைச் செய்தார்கள், தாத்தா சொன்னது சரி என்றேன். மீதி இரண்டையும் தண்ணீருக்குள் இருப்பதாகப் பார்க்கிறவர்களே நினைத்துக்கொள்வார்கள் என்று ஹாரிஹவுசன் நம்பியிருக்கிறார். “நம்மட்ட நடக்குமா,” என்று தம்பியைக் கூப்பிட்டு, அவனையும் உட்காரவைத்து எண்ணச் சொன்னார்.